பார்க்குக்கு முந்தின ராத்திரி எங்கே தூங்குவது?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குத் துறைமுகம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு 66. பெங்களூரு வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகணும் என்று பிள்ளைகள் மூன்று வருஷமாகக் கேட்கிறார்கள். இந்த மே மாதம் கூட்டிப் போகலாம் என்று சீட்டு எடுத்த பணத்தில் 45,000 ரூபாய் தனியாக வைத்திருக்கிறேன். அவருக்கு ஞாயிறு வார விடுமுறை, அதோடு மூன்று நாள் லீவு கிடைக்கும். என் தம்பி விமானத்தில் போகச் சொல்கிறான். ஒருவருக்கு ஒரு வழிக்கு 2,900 ரூபாய் காட்டுகிறது. எங்கள் தெரு வண்டிக்காரர் எர்டிகாவுக்குக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா நாளுக்கு 500 என்கிறார். பார்க்கை ஒட்டிய ரிசார்ட்டில் ஓர் இரவுக்கு 8,000, வரி தனி. பெங்களூரு ரயில் நிலையம் பக்கம் மெஜஸ்டிக்கில் 1,800 ரூபாய்க்கு லாட்ஜ் கிடைக்கிறது. இரண்டு நாள் பார்க், ஒரு நாள் ஊர் சுற்றுவது என்று நினைத்திருக்கிறோம். பயணத்தில் மிச்சம் பிடிப்பதா, தங்குவதில் மிச்சம் பிடிப்பதா? மாமியார் வேறு, "எனக்கு எதுக்குத் தண்டச் செலவு, நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்கிறார். ஆயா வந்தால்தான் வருவேன் என்று சின்னவள் அழுகிறாள்.

பதில்: சகோதரி, 22 வருஷமாக வண்ணாரப்பேட்டையில் டிராவல்ஸ் நடத்துகிறேன். பெங்களூரு பார்க்குக்கு டிக்கெட் போட வரும் குடும்பங்கள் பெரும்பாலும் உங்கள் கேள்வியோடுதான் வருகிறார்கள். பயணச் செலவை ஒரு பக்கமும் அறை வாடகையை இன்னொரு பக்கமும் எழுதி, எதில் குறைக்கலாம் என்று பார்க்கிறார்கள். இரண்டையும் அப்படிப் பிரித்து எழுதும் வரை விடை கிடைக்காது. மலிவான லாட்ஜ் எடுத்தால் ஆட்டோவுக்கும் காருக்கும் பணம் போகும். ரயிலில் ராத்திரி தூங்கினால் ஓர் அறை வாடகை மிச்சம். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். அதனால் நான் வேறு மாதிரி கேட்கிறேன்: ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தூங்கினால், அதற்கு அடுத்த காலை உங்களுக்கு எப்படி விடியும்?

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். என் மகளுக்கு 9 வயதாக இருந்தபோது இதே பார்க்குக்குக் கூட்டிப் போனேன். தொழில் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில் மெஜஸ்டிக் பக்கம் மலிவாக ஓர் அறை எடுத்தேன். காலையில் எழுந்து, வெந்நீருக்குக் காத்திருந்து, டிபன் முடித்து, பஸ் பிடித்து, பார்க் இருக்கும் பிடதிக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி. டிக்கெட் விலை என்னவோ முழு நாளுக்குத்தான். அவள் ஆசைப்பட்ட ரைடுக்கு வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வருவதற்கு முன்பே நேரம் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். வெளியே வரும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. லாட்ஜில் நான் மிச்சம் பிடித்தது ஆயிரம் ரூபாய்கூட இருக்காது. அதற்கு அவளுடைய அரை நாளைக் கொடுத்துவிட்டேன் என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அதிலிருந்து என் வாடிக்கையாளர்களிடம் நான் கறாராகச் சொல்வது ஒன்றுதான். பார்க்குக்கு முந்தின ராத்திரி பார்க் பக்கத்தில் தூங்குங்கள், மற்ற ராத்திரிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள்.

முதலில் விமானத்தை முடித்துவிடுவோம். ஐந்து பேர், போக வர, 29,000 ரூபாய். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட முழுக் கட்டணம்தான். மீதி 16,000 ரூபாயில் அறை, பார்க், சாப்பாடு எல்லாம் நடக்க வேண்டும், நடக்காது. நேரமாவது மிச்சமாகுமா என்றால் அதுவும் இல்லை. தண்டையார்பேட்டையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரே மெட்ரோவில் போய்விடலாம், அது நமக்கு 2021-இல் கிடைத்த பெரிய வசதி. ஆனால் அங்கே இரண்டு மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். அப்புறம் பறப்பது ஒரு மணி நேரம். இறங்குவது தேவனஹள்ளியில், அது பெங்களூருக்கு வடக்கே. பார்க் இருக்கும் பிடதி ஊருக்குத் தென்மேற்கே, மைசூரு சாலையில், நகரத்திலிருந்து 28 கிலோமீட்டர். நடுவில் பெங்களூரு முழுவதும் கிடக்கிறது, அதன் நெரிசலோடு. எல்லாம் கூட்டினால் ஆறேழு மணி நேரம் வந்துவிடும். சென்ட்ரலில் காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறினாலும் பிற்பகல் இரண்டு மணிக்குள் பெங்களூரில் இறங்கலாம். தம்பி உங்கள் மேல் உள்ள அன்பில் சொல்கிறார், ஆனால் இந்த ஊருக்கு அது பொருந்தாது.

வண்டிக்கணக்கு வேறு மாதிரி. நாளைக்கு 300 கிலோமீட்டர் என்றால் நான்கு நாளைக்கு 1,200 கிலோமீட்டருக்குப் பணம். 14 ரூபாய் வீதம் 16,800, பேட்டா 2,000, ஆக 18,800. இதற்கு மேல் சுங்கச்சாவடி, மாநில எல்லை பர்மிட், பார்க்கிங். தண்டையார்பேட்டையிலிருந்து பிடதி போய் வந்தால் வண்டி உண்மையில் ஓடுவது 800 சொச்சம் கிலோமீட்டர்தான். நீங்கள் பார்க்குக்குள் இருக்கும் நாளெல்லாம் அது வாசலில் நிற்கும், கணக்கு மட்டும் ஓடும். தனியார் கார்களுக்கென்று 2025 ஆகஸ்டில் வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் மஞ்சள் பலகை வாடகை வண்டிக்குச் செல்லாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து டிராவலர் வேன் எடுத்தால் இந்தக் கணக்கு மாறும், அப்போது நானே வேன் எடுங்கள் என்பேன். ஒரு குடும்பத்துக்கு வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அறை வாடகையை மிச்சம் பிடிக்க ராத்திரி முழுவதும் வண்டி ஓட்டச் சொல்லி, விடிந்ததும் பார்க், அன்று இரவே திரும்புவது என்று திட்டம் போடுகிறவர்கள் நிறைய. ஓட்டுகிறவரும் மனிதர்தான், அவருக்கும் தூக்கம் வேண்டும். அந்த மாதிரி பயணத்துக்கு நான் வண்டி ஏற்பாடு செய்து தருவதில்லை.

சரி, ரயில். இங்கேதான் உங்கள் திட்டத்தையே கொஞ்சம் திருப்பிப் போடச் சொல்வேன். நீங்கள் பெங்களூரை நடுவில் வைத்து யோசிக்கிறீர்கள். பிடதி பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவில் இருக்கிறது. சென்ட்ரலில் இரவு புறப்படும் காவேரி எக்ஸ்பிரஸ் விடியும் முன்பே பெங்களூரைத் தாண்டி, காலையில் மைசூரில் கொண்டுபோய் விடும். எனவே முதலில் மைசூரு, அப்புறம் திரும்பும் வழியில் பிடதி.

எப்படி என்றால், சனிக்கிழமை அவர் வேலை முடிந்து வந்ததும் மெட்ரோவில் சென்ட்ரல், இரவு காவேரியில் ஏறித் தூங்குங்கள். அந்த ராத்திரிக்கு அறை வாடகை இல்லை. ஞாயிறு காலை மைசூரு. 24 மணி நேர செக்-இன் உள்ள லாட்ஜாகக் கேட்டு எடுங்கள், இது முக்கியம். மதியம் 12 மணிக்குத்தான் அறை என்று சொல்லும் ஹோட்டலில் போட்டால், காலை முழுவதும் மூட்டை முடிச்சோடு வரவேற்பறையில் உட்கார வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சீக்கிரம் அறை தருவதற்குக் கூடுதலாகக் கேட்பார்கள். குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து, சாமுண்டீஸ்வரி அம்மன் கோயில் இருக்கும் சாமுண்டி மலைக்குப் பேருந்தில் ஏறுங்கள். மாலையில் அரண்மனை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் இரவு ஏழு மணி வாக்கில் அரண்மனை முழுவதும் விளக்கு ஏற்றுவார்கள், சுமார் ஒரு லட்சம் பல்பு. அது எரியும் அந்த முக்கால் மணி நேரம் உங்கள் சின்னவளின் முகத்தைப் பாருங்கள். ஞாயிறு என்று நாளைக் குறித்து நான் சொல்வது இதற்காகத்தான். அன்று இரவு மைசூரில். அடுத்த காலை அவசரம் ஒன்றும் இல்லாததால் அறை எளிமையாக இருந்தால் போதும், சுத்தமும் வெந்நீரும் இருந்தால் சரி.

திங்கட்கிழமை காலை மிருகக்காட்சிசாலை. 1892-இல் தொடங்கியது, நிழலும் மரமுமாக நடக்க நன்றாக இருக்கும். செவ்வாயன்று அதற்கு விடுமுறை, அதனால் நாளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பிற்பகல் அறையைக் காலி செய்துவிட்டுப் பிடதிக்குக் கிளம்புங்கள், 110 கிலோமீட்டர் இருக்கும். பெங்களூரு மைசூரு தடத்தில் ஓடும் பாசஞ்சர் ரயில்கள் பிடதியில் நிற்கும். பஸ்ஸில் போனால் ஏறும் முன் நடத்துநரிடம் பிடதி ஊருக்குள் போகுமா என்று கேட்டுவிடுங்கள். 2023-இல் திறந்த விரைவுச்சாலை பிடதி, ராமநகரம், மத்தூர், மண்டியா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் போகிறது, இடைநில்லாப் பேருந்துகள் ஊருக்குள் வராது. இன்னொரு விஷயம், கர்நாடகத்தில் அரசுப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பது அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். நம் ஊர் டவுன் பஸ் பழக்கத்தில் நீங்களும் மாமியாரும் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துவிட வேண்டாம்.

திங்கள் இரவுதான் நான் சொன்ன அந்த ராத்திரி. இதில் கை கூசாதீர்கள். ஆனால் ரிசார்ட்தான் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது பக்கம், சொகுசு இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, காலை பத்து மணிக்குப் பார்க்குக்குக் கிளம்பப் போகிறீர்கள். ரிசார்ட்டின் நீச்சல் குளத்தையும் தோட்டத்தையும் அனுபவிக்க உங்களுக்கு நேரம் ஏது? பையன் நீச்சல் குளம் கேட்பான். மறுநாள் முழுவதும் தண்ணீரில்தான் இருக்கப்போகிறாய் என்று சொல்லுங்கள். பிடதி தொழிற்பேட்டை ஊர், டொயோட்டா தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. கம்பெனி வேலையாக வருகிறவர்களை நம்பி எளிமையான, ஒழுங்கான ஹோட்டல்கள் உண்டு. அங்கே மூன்று பேர் படுக்கும் குடும்ப அறை ஒன்று எடுத்து, கூடுதலாக ஒரு மெத்தை கேளுங்கள். ஐந்து பேர் என்று முன்பே சொல்லிவிடுங்கள், குழந்தைகளின் வயதையும் சேர்த்து. நான்கு பேர் என்று சொல்லி ஐந்தாவது ஆளை உள்ளே அழைத்துப் போனால் வாசலில் சங்கடம், கடைசியில் செலவும் கூடும்.

ரிசார்ட் ஆசை விடவில்லை என்றால் வரியை மட்டும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. உங்களிடம் 8,000 சொல்லியிருக்கிறார்கள். வரி 1,440 சேர்ந்து 9,440 ஆகும். அதே அறை வார நாள் சலுகையில் 7,400-க்குக் கிடைத்தால் வரி 370, மொத்தம் 7,770. வாடகையில் 600 குறைந்தால் கையில் மிச்சம் 1,670. போன் செய்து, திங்கட்கிழமைதானே, கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு? ஐந்து பேருக்கும் காலை டிபன் சேர்ந்ததா, இரண்டு பேருக்கு மட்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். டிபன் இல்லையென்றாலும் கவலை இல்லை. பிடதி தட்டு இட்லிக்குப் பேர் போன ஊர். பெரிய இட்லி இரண்டு தின்றால் மதியம் வரை தாங்கும்.

மூன்று ராத்திரியும் ரிசார்ட் என்று போட்டால் வரியோடு 28,320 ரூபாய். அதைச் செய்யவே வேண்டாம். பார்க்குக்கு இரண்டு நாள் என்பதையும் விட்டுவிடுங்கள். காலையில் வாசல் திறக்கும்போதே உள்ளே போகும் குடும்பத்துக்கு ஒரு வார நாள் போதும். இரண்டாம் நாள் பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும், உங்களுக்குத் தலை வலிக்கும். இரண்டு நாளைக்கு டிக்கெட் வாங்கி அரை நாள் வீணாவதைவிட, ஒரே நாளை முழுசாக அனுபவிப்பது மேல்.

செவ்வாய்க்கிழமை பார்க். வார இறுதியைவிட டிக்கெட் பெரும்பாலும் குறைவு, வரிசையும் சிறியது. அங்கே குழந்தை டிக்கெட்டுக்கு வயது பார்ப்பதில்லை, உயரம்தான். 140 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பெரியவர் டிக்கெட். உங்கள் மகனுக்கு 11 வயது என்பதால் அந்தக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று சுவரில் நிற்க வைத்து பென்சிலால் கோடு போட்டு அளந்துவிடுங்கள். பெரிய ரைடுகளில் ஏறவும் உயரம் பார்ப்பார்கள். அங்கே போய் அவனை ஏற்றவில்லை என்றால் மனசு உடைந்துவிடும், வீட்டிலேயே தெரிந்துகொண்டு சொல்லிவைப்பது நல்லது. மே மாதம் பெங்களூரு பக்கம் பிற்பகலில் இடியோடு மழை வரும், அப்போது உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். காலையிலேயே அவற்றை முடித்துவிடுங்கள். தண்ணீர் ரைடுக்குப் பருத்தித் துணியோடு விடமாட்டார்கள், நைலான் மாதிரி துணி வேண்டும். பார்க்கில் வாங்காமல் நம் எம்.சி. ரோட்டிலேயே ஐந்து பேருக்கும் வாங்கிக்கொண்டு போங்கள்.

பார்க் முடிந்து ஆறரை மணிக்குக் கிளம்பினால், கெங்கேரி அல்லது சல்லகட்டாவில் மெட்ரோ ஊதா வழித்தடம் இருக்கிறது, அது நேராகப் பெங்களூரு சிட்டி ரயில் நிலையம் வரை வரும். ராத்திரிச் சாப்பாடு அங்கே. பத்து மணிக்கு மேல் சென்னைக்கு மெயில் வண்டி. மறுபடியும் அறை வாடகை இல்லாத ராத்திரி. புதன் விடிகாலை சென்ட்ரல், அன்று பகல் அவருக்குத் தூங்க லீவு இருக்கிறது. ஆக, நான்கு ராத்திரியில் இரண்டு ரயிலில், ஒன்று மலிவில், ஒன்று பக்கத்தில்.

ரயில் டிக்கெட்டிலும் சில நுணுக்கங்கள். 5 முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்று போட்டால் பாதிக் கட்டணம், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். சின்னவளை உங்களோடு படுக்க வைத்துக்கொள்ளலாம். பையனுக்குத் தனிப் படுக்கை எடுங்கள், 11 வயதுப் பிள்ளையோடு ஒரே படுக்கையில் யாரும் தூங்க முடியாது. இந்தப் பாதிக் கட்டணம் சேர் கார் வண்டிகளில் கிடையாது. வந்தே பாரத் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். போகும்போது ஸ்லீப்பர் போதும், எல்லாரும் உற்சாகமாக இருப்பீர்கள். வரும்போது மூன்றடுக்கு ஏசி எடுங்கள். நாள் முழுவதும் ஆடிக் களைத்த பிள்ளைகள் நடைபாதைக் கூட்டமும் இரைச்சலும் இல்லாமல் தூங்க வேண்டும். அந்த ராத்திரிக்கு அந்தப் பணம் தகும். ஈரத் தலையோடு ஏசியில் படுக்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

ரயில்கள் எல்லாவற்றுக்கும் 5,000, மைசூரு அறைக்கு 2,500, பிடதி அறைக்கு 4,500, பார்க் டிக்கெட்டுக்கு 8,000, நான்கு நாள் சாப்பாட்டுக்கு 8,000, பஸ் ஆட்டோ மெட்ரோ எல்லாம் 4,500, அரண்மனை மிருகக்காட்சிசாலைக்கு 1,500, லாக்கர், துணி, ஐஸ்கிரீமுக்கு 2,000 என்று ஒதுக்குங்கள். கூட்டினால் 36,000. மீதி 9,000 ரூபாயைத் தனி உறையில் போட்டு உங்கள் கைப்பையில் வையுங்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தால், ரயிலை விட்டால், அதற்கு. ஒன்றும் ஆகாவிட்டால் சீட்டுப் பணம் சீட்டுப் பணமாகவே திரும்பட்டும்.

"அதே கம்பெனி நம் ஊரிலேயே பார்க் திறந்துவிட்டதே" என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான், 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு ரைடு மட்டும் போதும், மைசூரும் ரயில் பயணமும் வேண்டாம் என்றால் பாதிச் செலவில் முடியும். ஆனால் நமக்கு அதுவும் பக்கம் இல்லை. நம் ஊரின் பொழுதுபோக்குப் பூங்காக்களைப் பாருங்கள், ஒன்று கிழக்குக் கடற்கரைச் சாலை, இல்லை பழைய மாமல்லபுரம் சாலை, இல்லை பூந்தமல்லிக்கு அப்பால். வடசென்னைப் பிள்ளைகள் எதற்குப் போனாலும் ஊரைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். தண்டையார்பேட்டையிலிருந்து இள்ளலூர் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், காலை நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே போனாலும் அதே யோசனைதான் சொல்வேன். முந்தின நாள் சாயங்காலமே கேளம்பாக்கம் அல்லது மாமல்லபுரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் முதல் ஆளாக உள்ளே போங்கள். சென்னைக்குள்ளேயே எதற்கு அறை என்று நினைக்காதீர்கள். ஆனால் உங்கள் பிள்ளைகள் மூன்று வருஷமாகக் கேட்பது பெங்களூரு. பணமும் இருக்கிறது. போய் வாருங்கள்.

கடைசியாக உங்கள் மாமியார். மைசூரை முதலில் வைத்ததற்கு வழி வசதி மட்டும் காரணம் இல்லை. பார்க் பிள்ளைகளின் நாள் என்றால் சாமுண்டி மலை அவருடைய நாள். "உங்களுக்காகத்தான் அத்தை அந்த ஊரையே சேர்த்திருக்கோம்" என்று சொல்லிப் பாருங்கள், தண்டச் செலவு என்ற பேச்சு நின்றுவிடும். செவ்வாயன்று அவர் பார்க்குக்குள் வர வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவரிடமே கேளுங்கள். பேரப்பிள்ளைகள் தண்ணீரில் குதிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் டிக்கெட் எடுங்கள். மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று முன்பதிவு செய்யும்போது பாருங்கள். நான் படுத்திருக்கிறேன் என்றால், பிடதி ஹோட்டலில் மாலை வரை அறையை வைத்துக்கொள்ள அரை வாடகை கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். பிடதி அறைக்கு ஒதுக்கிய 4,500 ரூபாயில் அதையும் சேர்த்துத்தான் எழுதினேன். மூட்டைகளும் அங்கேயே இருக்கும். ஒரு கைபேசியை அவரிடம் கொடுத்து, யாரை எப்படி அழைப்பது என்று காட்டிவிட்டுப் போங்கள்.

ரயிலில் அவருக்குக் கீழ்ப்படுக்கை கட்டாயம் வேண்டும். மூத்தவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுவிட்டது, ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு பொருந்தாது. அவருக்கு மட்டும் தனி டிக்கெட்டாக மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் போடுங்கள். பெட்டி மாறினால் வண்டியில் பேசி மாற்றிக்கொள்ளலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும், மே மாத வண்டிகள் சீக்கிரம் நிறைந்துவிடும். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இந்த வாரமே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள், திறக்கும் நேரத்தில் அந்தக் கணக்குகளுக்குத்தான் முதல் வாய்ப்பு. ரயில் உறுதியான பிறகு அறை, அறைக்குப் பிறகு பார்க். அந்தக் காலையில் முதலில் ஆயாவின் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, அதைச் சின்னவளிடம் காட்டுங்கள்.